யென் குன்முவின் எடை

தைபேயின் டிஹுவா தெருவில் ஓர் ஆண்பிள்ளையின் மானம் அரைக் கிலோ உலர்காளானுக்குக் காப்பாற்றப்பட்டது. அன்றைய நிலவரப்படி அறுநூறு தைவான் டாலர். கொடுத்தவர் காளான் வியாபாரி யென் குன்மு. வாங்கியவள் ஆஸ்பத்திரியில் நோய்களுக்குக் குறியீடு பதியும் குவோ. மறுநாள் காலை அவர் கடைத் தராசில் ஏறினார். அது பூஜ்யம் காட்டியது.

இடது மார்க்காம்பின் கீழே இருந்த பட்டாணியளவுக் கட்டியை அவர் இரண்டு வருடம் பனியனுக்குள் ஒளித்துவைத்திருந்தார். காம்பு உள்வாங்கி, பனியனில் ரத்தப்பொட்டு விழுந்த பிறகுதான் மனைவி சூசின் பார்த்து இழுத்துப்போனாள். சதையெடுத்துச் சோதித்த டாக்டர் மார்பகப் புற்றுநோய் என்றார். இந்த நோய் வரும் நூறு பேரில் ஒருவர் ஆண் என்றும் சொன்னார். எதையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழக்கமில்லாத குன்மு, குறியீட்டு மேசையில் நோயின் பெயருக்கும் பேரம் பேசினார்.

“நுரையீரல்னு போடு தங்கச்சி. வயிறுன்னாலும் சரி.”

“அண்ணே, இதென்ன உங்க கடையா?”

“உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். கொழுப்புக் கட்டி. முடிச்சுக்கலாம்.”

குவோ சிரித்துவிட்டாள், சிரித்த கையோடு கணினியில் கொழுப்புக் கட்டி என்றே தட்டியும் விட்டாள்.

“குன்மு, உன்னைக் கப்பல்ல அனுப்பினா கூலியே கிடையாதுப்பா!” என்றார் எதிர்க்கடைக்காரர். அந்தச் சிரிப்பு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றது. மருந்து எடைக்கேற்ப ஏற்றுவது. பூஜ்யம் கிலோவுக்குப் பூஜ்யம் மருந்து. மூன்று வாரத்தில் மூன்று தராசு மாற்றினார்கள். கட்டி மட்டும் வளர்ந்தது. ஐம்பத்திரண்டு கிலோ சூசின் சும்மா ஏறிப் பார்த்தபோது நூற்றுப் பத்தொன்பது காட்டியது. மீதி அறுபத்தேழு யாருடையது என்று தெருவில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

“முழங்கால் ஏன் வலிக்குதுன்னு இப்பத்தான் புரியுது. போய் உள்ளதைச் சொல்லுங்க.”

“அது பொம்பளைங்க சீக்கு, சூசின்.”

“இருபத்தெட்டு வருஷமா ஒரு பொம்பளை சமைச்சதைத்தானே தின்னீங்க? அப்போ கேவலமாயில்லையா?”

குன்மு மறுபடி குறியீட்டு மேசைக்குப் போனார்.

குவோ காளானைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, சி50.922 என்று திருத்தினாள்.

“பாருங்கண்ணே, கடைசில இருக்கிற ரெண்டாம் நம்பர் இடது பக்கத்துக்கு. அதுக்கு முன்னால இருக்கிற ரெண்டாம் நம்பர் ஆம்பளைக்குன்னே வச்சது; பொம்பளைன்னா அங்க ஒண்ணு வரும். உங்களுக்கும் எடம் போட்டுத்தான் வச்சிருக்காங்க.”

குன்மு அந்த எண்ணை இலக்கம் இலக்கமாகப் படித்தார். பிறகு, காத்திருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி, “இடது மார்பு. ஆண்,” என்றார். தலையில் துணி கட்டியிருந்த ஒருத்தி நகர்ந்து, பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தாள்.

அன்றே தராசு அறுபத்தொன்று காட்டியது. மருந்து அந்த எடைக்கு ஏறியது; மார்பை எடுத்தார்கள்; ஏழு வருடமாக ஆள் கடையில் நிற்கிறார். பாக்கி ஆறு கிலோவை மட்டும் சூசின் திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் நாலு கிலோவாவது கொடு, மூணு கிலோவாவது கொடு என்று கேட்டுப் பார்க்கிறார்; அவள் மசிவதில்லை. அவர் அறுபத்தொன்று, அவள் ஐம்பத்தெட்டு. கூட்டினால் நூற்றுப் பத்தொன்பது.