துணியை அவரே உதறட்டும்

சலூன் ஷட்டரைப் பாதி தூக்கியதுமே தபால்காரர் குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணி, இந்தத் தலையோட எத்தனை நாள்தான் சுத்துறது? வேற கடைக்குப் போக மனசு வரல. அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கை கால் தேறிடுச்சு. ஞாபகந்தான் நிக்கல. இப்ப சொன்னா இப்ப மறந்துடுவாரு. இனி எங்க முடி வெட்டப் போறாரு," என்றாள் சலூன்காரரின் மனைவி.

சலூன்காரர் அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். பக்கவாதம் வந்த இந்த ஆறு மாதத்தில், டாக்டர் கேட்டாலும் சொந்தக்காரர் கேட்டாலும் அவருக்கும் சேர்த்து அவளே பதில் சொல்லிப் பழகிவிட்டாள். அவரும் வாய் திறப்பதை விட்டுவிட்டார். "சவரக்கத்தி மட்டும் வேண்டாம். கத்திரிக்கோல் பிடிக்கட்டும், பழகின வேலையச் செய்ய விடுங்க" என்று ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுத்த பெண் சொன்னதற்கு நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தவள், கடையைப் பூட்டித்தான் வைத்திருந்தாள். நாலு பேர் முன்னால் அவர் தலைகுனிந்துவிடக் கூடாதே என்று பயம். செல்போன் ரிப்பேர்காரர் ஒருவருக்குக் கடையை வாடகைக்கு விட்டு, திங்கட்கிழமை சாவியைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். இன்று சாமான்களை ஒழிக்க வந்தவள், அவரைத் தனியாக விட முடியாமல் கூட அழைத்து வந்திருந்தாள்.

தபால்காரர் அவள் பதிலைக் காதில் வாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லாமலே சலூன்காரர் ஆணியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து அவர் கழுத்தில் கட்டினார்.

"வழக்கம்போலத்தானே?" என்றார். சீப்பும் கத்திரிக்கோலும் பேச ஆரம்பித்தன. "காதுமேல ஒரு தோட்டமே போட்டு வச்சிருக்கீங்களே."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு மயிரிழை பிசகவில்லை. அவர் பவுடர் பிரஷ்ஷை எடுத்ததுதான் தாமதம், அவள் ஓடிப்போய் அதை வாங்கித் தானே கழுத்தைத் துடைத்தாள். வாசல்படியில் அவர் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று துணியையும் தானே அவிழ்த்து வெளியே போய் உதறினாள். திரும்பினால், தபால்காரர் கழுத்தில் இன்னொரு துணி ஏறியிருந்தது.

"வழக்கம்போலத்தானே?" என்றார் சலூன்காரர்.

"இப்பதானே வெட்டுனீங்க? கீழ பாருங்க, எவ்வளவு முடி கெடக்குது," என்றாள் அவள்.

அவர் தரையைப் பார்த்தார். "நானா வெட்டுனேன்?" என்று கேட்டுவிட்டு, கத்திரிக்கோலை வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் தன் கையில் சுருண்டிருந்த துணியைக் கவனித்தாள். இத்தனை வருடமும் வாசலில் அவர் இந்தத் துணியை மூன்று தடவை உதறும் சத்தம் மாடியிலிருக்கும் வீட்டுக்குக் கேட்கும். ஒரு தலை முடிந்தது என்று அவள் டீயை அடுப்பில் ஏற்றுவாள். உதறி, மடித்து, நாற்காலிக் கையில் போட்டால்தான் அவருக்கு ஒரு வேலை முடிந்ததாக அர்த்தம். அதை இன்று அவர் கையிலிருந்து பிடுங்கியது யார்? அவளுக்குச் சுருக்கென்றது.

"பக்கத்து பேக்கரிக்காரர வரச் சொல்லுங்க," என்றாள் தபால்காரரிடம். "அவரும் காடாட்டம் வளத்துக்கிட்டுத்தான் திரியுறாரு."

பேக்கரிக்காரர் தலையில் மாவோடு வந்தார். இந்த முறை அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சலூன்காரர் வெட்டினார், பவுடர் போட்டார், துணியை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவள் படியோரம் போய்ச் சும்மா நின்றாள். அவர் மூன்று தடவை உதறினார். மடித்து நாற்காலிக் கையில் போட்டார்.

"ஆச்சு. அடுத்து யாரு?" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்கரிக்காரர் கண்ணாடியில் பின்னந்தலையைப் பார்த்தபடி அவளிடம், "மாஸ்டருக்கு இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"அவரு இங்கதானே நிக்கிறாரு. அவரையே கேளுங்க."

சலூன்காரர் கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருக்கேன். சிலது மறந்துபோகுது. உங்க தலைய மட்டும் மறக்க முடியாது, அவ்வளவு மாவு."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் செல்போன் ரிப்பேர்காரரைப் போனில் கூப்பிட்டாள். "சாவி தர முடியாதுன்னு தோணுது, கோவிச்சுக்காதீங்க. உதவி பண்றேன்னு சொல்லி, எல்லாத்தையும் நானே செஞ்சு அவர ஓரமா ஒக்கார வச்சுட்டேன். ஞாபகம் தவறுனவங்களுக்கு உதவுறதுன்னா, அவங்க வேலைய நாம புடுங்கிக்கிறது இல்லீங்க. அவங்க செஞ்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கிறது. இது தெரிய எனக்கு ஆறு மாசம் ஆயிருக்கு."

"யாரப் பத்திப் பேசுற?" என்றார் சலூன்காரர்.

"உங்களப் பத்தித்தான்."

"அப்ப என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசு."

போன் காதிலிருக்க அவள் அவர் பக்கம் திரும்பினாள். "கேக்குறேங்க. கடைய நாமளே நடத்தலாமா?"

"பின்ன?" என்று சொல்லிவிட்டு, அவர் துடைப்பத்தை எடுத்துத் தரையிலிருந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தார்.