மூச்சு விடாத பயணி

ஆளில்லாத கலம் நிலவைச் சுற்றிவிட்டுப் பசிபிக் கடலில் நல்லபடியாக வந்து விழுந்த அன்று, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் ரோண்டா குபிசெக்கைத்தான் ஏணியில் ஏறச் சொன்னார்கள். ஒரு பயணம் நல்லபடியாக முடிந்தால் அதன் சின்னம் பதித்த பலகையைச் சுவரில் மாட்டுவது அங்கே வழக்கம். அதற்காக அதிகம் உழைத்தவர் கையால்தான் மாட்டவேண்டும். எந்தச் சோதனைப் பயணம் முதலில், எது பிறகு, எதையெல்லாம் சரிபார்த்த பின் மனிதரை ஏற்றலாம் என்று பதினோரு வருடம் திட்டம் போட்டவள் ரோண்டா. முழங்கால் வலியோடு ஏறினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வேட் திபதோ வேண்டுமென்றே அதை லேசாக ஆட்டினான்.

"டேய், ஆட்டாதடா! விழுந்து தொலைச்சா உன்னை யாரு நிலாவுக்கு அனுப்புவா?"

"அந்தப் பயத்துலதான் கை நடுங்குது, குபிசெக்."

அறை முழுக்கச் சிரித்தது.

வேட், லூசியானா சதுப்புக் கரையில் இறால் பிடித்துப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. விண்வெளி வீரனாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம். அதில் ஒரே ஒரு தடவைதான் மேலே போயிருக்கிறான். அடுத்து நான்கு பேர் நிலவைச் சுற்றிவரப்போகும் பயணத்துக்கு அவன்தான் தலைவன். இந்தத் தடவை அவன் இருக்கையில் ஒரு பொம்மை போய்வந்திருந்தது. ஆர்லோ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். "மூச்சே விடாதவனுக்கு நிலா, மூச்சு விடறவனுக்கு வீடா? இது என்னங்க நியாயம்?" என்று வேட் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தான்.

தவறு நடந்ததும் அந்த மூச்சு விஷயத்தில்தான்.

மனிதர் விடும் மூச்சில் உள்ள கெட்ட காற்றை எடுத்துவிட ஒரு கருவி உண்டு. கலத்தின் தரைக்கு அடியில் அதற்கு இடம். ஆர்லோ மூச்சு விடமாட்டான், கருவியும் அப்போது தயாராகவில்லை. அதனால் அதே எடையில் ஓர் இரும்புக் கட்டியை அந்த இடத்தில் வைத்துப் பூட்டினார்கள். இதில் குற்றம் ஒன்றுமில்லை, சோதனைப் பயணங்களில் எப்போதும் செய்வதுதான். ஆனால் கலத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் இருக்கும். பயணம் முடிந்ததும் அந்த எண்ணுக்கு நேரே 'பறந்தது' என்று பட்டியலில் விழுந்துவிடும். கட்டியின் இடத்துக்கு நேரேயும் அப்படியே விழுந்தது. இருநூறு பக்கப் பட்டியல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ரோண்டாவின் கையெழுத்து.

அவளுடைய பழைய திட்டத்தில், மூச்சுக் கருவியைச் சோதிக்கவென்றே ஆளில்லாத இரண்டாவது பயணம் ஒன்று இருந்தது. மேலிடத்தார் அந்தப் பட்டியலையே எடுத்துக் காட்டி, "எல்லாமே பறந்தாச்சே, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டார்கள். தான் கையெழுத்துப் போட்ட பட்டியலை அவள் நம்பினாள். இரண்டாவது பயணத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டாள்.

மூன்று வருடம் ஓடிற்று. மனிதரோடு கிளம்ப எட்டு மாதம் இருக்கும்போது, தரையில் நடந்த சோதனையில் அந்தக் கருவியின் சின்ன வால்வு ஒன்று மூடிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. போன பயணத்தில் இது எப்படி வேலை செய்தது என்று பார்க்க ரோண்டா பதிவுகளைத் தேடினாள். ஒரு வரி கூட இல்லை. ஃபுளோரிடாவில் கலத்தைப் பூட்டுகிற கூடத்துக்குப் போன் போட்டாள்.

"அந்த எண்ணா, மேடம்?" எடுத்தவன் சிரித்தான். "அது சும்மா இரும்புக் கட்டி. இங்க கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்து வெச்சிருக்கோம். வேணும்னா அனுப்பி வைக்கட்டுமா?"

அவள் போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே புல்வெளியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. இன்னும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் மெரில் ஓக்ஸிடம் கொடுத்தாள். எந்தப் பயணம் கிளம்பலாம் என்று முடிவு செய்யும் குழுவின் தலைவர். கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு தடவை படித்தார்.

"கட்டியைக் கருவின்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான், சார்."

"புது வால்வு போட்டாச்சு. ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்தாச்சு. அப்புறம் என்ன?"

"தரையில ஓட்டியிருக்கோம், சார். மேல எடை கிடையாது. மூச்சு ஈரம் எங்க போய் ஒட்டும்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. கிளம்பிட்டா பாதியில திரும்பவும் முடியாது. பத்து நாள். அவசரத்துக்குக் காத்தைச் சுத்தம் பண்ண வெச்சிருக்கிற டப்பா ஒன்றரை நாளுக்குத்தான் வரும்."

"இன்னொரு சோதனைப் பயணம்னா ரெண்டரை வருஷம் தள்ளிப்போகும். தெரியும்ல?"

தெரியும். அதைவிட இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். வேட்டின் இதயத்தில் ஒரு ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டு வந்தது. இந்தப் பயணத்துக்கு மட்டும் போகலாம் என்று மருத்துவர்கள் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். இரண்டரை வருடம் கழித்து யாரும் கொடுக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேட் அவள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு டப்பா நிறைய கொலாச்சி. நடுவில் ஆப்ரிகாட் பழக்கூழ் வைத்துச் சுடுகிற பன். அவள் பிறந்த செக் நாட்டு வழிக் குடும்பத்தில் எல்லாருக்கும் அதுதான் உயிர். அடுக்களை மேஜையில் உட்கார்ந்தார்கள். இருவரும் டப்பாவைத் திறக்கவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துல 'போகலாம்'னு சொல்லிடு, குபிசெக்."

"வால்வு ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டினா தட்டி விடறேன். எங்கப்பா படகு இஞ்சினை இருபது வருஷம் சுத்தியலால தட்டித்தான் ஓட்டுனாரு."

"தலை வலிக்கும். அப்புறம் தூக்கம் வரும். சுத்தியல் எங்க வெச்சோம்னே மறந்துடும்."

"ஆபத்துன்னு தெரிஞ்சு, சரின்னு சொல்றவன் நான். நடுவுல நீ யாரு?"

"உன்கூட இன்னும் மூணு பேர் வராங்க. அவங்களைக் கேட்டியா?"

அவன் விரலால் டப்பாவின் நூலை முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத. நீ பாக்காம கையெழுத்துப் போட்டதுக்கு நான் தரையில நிக்கணுமா?"

அவன் சொன்னது பொய்யில்லையே. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

திங்கட்கிழமை, கிளம்பலாமா என்று முடிவு செய்யும் கூட்டம். மெரில் ஓக்ஸ் மேஜை மேஜையாகப் பெயர் சொல்லிக் கேட்பார். ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லவேண்டும். ஒருவர் மறுத்தாலும் பயணம் நிற்கும். பின்வரிசையில் வேட் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ராக்கெட்?"

"போகலாம்."

"பாராசூட்?"

"போகலாம்."

பதினான்கு 'போகலாம்' வந்தது. எல்லாரும் அடுத்து நடக்கவேண்டியதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் காகிதங்களைக்கூட அடுக்கிவிட்டான்.

"சோதனைத் திட்டம்? ரோண்டா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். பார்த்தாள். வேட் அவளைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்," என்றாள்.

அந்த வருடமே வேட் திபதோவின் இடத்துக்கு வேறொருவரைப் போட்டார்கள். அவனுக்கு ஒரு விருந்து வைத்தார்கள், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். ரோண்டா விருந்துக்குப் போனாள். அவன் அவளிடம் மரியாதையாகப் பேசினான். கிண்டல் எதுவும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து அவள் அழுதது அதற்காகத்தான்.

இரண்டரை வருடம் கழித்து ஆளில்லாத இரண்டாவது கலம் கிளம்பியது. தலைவன் இருக்கையில், நான்கு பேர் விடும் அளவுக்கு ஈரத்தோடு கெட்ட காற்றை ஊதுகிற ஒரு பெட்டி உட்கார்ந்து போயிற்று. வால்வு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து மூடவேண்டும். ரோண்டா பத்து நாளும் அது திறந்து மூடிய தடவைகளின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானூறு. எண்ணூறு. ஆயிரம். தான் வேண்டாம் என்றது வீணாகாமல் ஒரே ஒரு தடவையாவது ஒட்டிக்கொள்ளாதா என்று அவள் மனம் கேட்டது. அப்படிக் கேட்டது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் நாள் எண் ஆயிரத்து நானூற்று நாற்பதைத் தொட்டது. கலம் கடலில் விழுந்தது.

அறையில் கைதட்டல் எழுந்தது. ஏணியைக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவையும் அவள்தான் மாட்டவேண்டும் என்றார்கள்.

பார்வையாளர் வரிசையில் வேட் நின்றிருந்தான். இளைத்திருந்தான். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. ரோண்டா பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே அவனிடம் போனாள்.

"நீ மாட்டு, வேட்."

"டாக்டர் ஏணி ஏறக்கூடாதுன்னுட்டாரு." கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தான். "ஒட்டிக்கிச்சா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல."

அவன் தலையசைத்தான். கூட நடந்துவந்து, ஏணியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டான்.

"ஏறு. புடிச்சிருக்கேன்."

அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே கொக்கி சரியாக மாட்டவில்லை, வெகுநேரம் பிடித்தது. அவன் ஆட்டுவான் என்று கடைசிவரை காத்திருந்தாள். ஏணி அசையவே இல்லை.