தொடாதீங்க

நாற்பது வயதாகியும் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு ஒன்றரை வயதுதான் இளையவள். பிடிவாதத்தில் மட்டும் அவள்தான் மூத்தவள் என்பாள் அக்கா.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸின் விளிம்பை மெஷினில் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்கார வைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் கழற்றி மறுபடி தேய்ப்பாள். அப்படி நறுக்காக வேலை செய்கிறவள் விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போய்ப் பட்டம் விடுகிறாள் என்றதும் கடையில் யாரும் நம்பவில்லை.

அது கையில் பிடித்து விடுகிற பட்டம் இல்லை. விரித்தால் ஒரு வேனையே மூடிவிடும். அதிலிருந்து நான்கு நீளக் கயிறுகள் வந்து ஒரு கம்பியில் சேரும். கம்பியை இடுப்புப் பட்டையில் கொக்கி போட்டு மாட்டி, காலில் பலகையோடு தண்ணீர் மேல் சறுக்க வேண்டும். கைட் போர்டிங் என்பார்கள். அவளும் கணவனும் சேர்ந்து கற்றுக்கொண்டது. கரையில் அவன் பட்டத்தைப் பிடித்து நிற்பான். அவள் கட்டைவிரலைக் காட்டினால் விடுவான். மூன்று வருடத்துக்கு முன் அவன் வேறு துணை தேடிப் போனான். பட்டம் அவளோடு தங்கிவிட்டது, பிடிக்கத்தான் ஆளில்லை.

"கடற்கரையில யாரையாவது கூப்பிடேன். வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் அக்கா.

"இனிமே ஒருத்தர் கைய எதிர்பார்த்து நிக்க மாட்டேன்."

தனியாக ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பணம் கட்டி அதைக் கற்றுக்கொண்டாள். பட்டத்தை, காற்று நேராக அடிக்கும் பாதைக்கு ஓரமாக, தனக்குப் பக்கவாட்டில் கிடத்த வேண்டும். ஒரு நுனியை மடித்து அதன்மேல் மணல் அள்ளிப் போட வேண்டும். கம்பியை மாட்டிக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை அடி அடியாக நகர வேண்டும். மணல் சரியும், பட்டம் தானாக நுனியில் எழுந்து நிற்கும். ஓரத்தில் இருந்தால் பூனைக்குட்டி போலச் சாதுவாக மேலே ஏறும். காற்றின் நடுப்பக்கம் வந்துவிட்டால் ஆளையே தூக்கிக்கொண்டு போகும். அதனால் துளி சந்தேகம் வந்தாலும் கம்பியைக் கழற்றிவிட்டு, நடந்துபோய்ப் பட்டத்தை மாற்றிக் கிடத்த வேண்டும். இரண்டு வருடம் அவள் இதில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

அந்தக் கரைக்கு இன்னொருவரும் வருவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேக்கரியில் கேக் மாஸ்டர். விடியும் முன்பே வேலை தொடங்கி மதியத்தில் முடிந்துவிடுவதால், சட்டையில் மாவோடு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து கரைச்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அவள் பட்டத்தை விரிக்கும்போதெல்லாம் எழுந்து வந்து, "புடிக்கட்டுமாம்மா?" என்பார்.

"வேணாம் சார்."

இரண்டு வருடத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "தினம் மாவு பிசையற கைக்கு இதையும் பழக்கிவிடுங்க" என்று ஒருமுறை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்குக் காற்று பேய்க்காற்று. மற்றவர்கள் கடலைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார்கள். அவள் சிறிய பட்டத்தை எடுத்தாள், நுனியை மடித்தாள், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மணல் போட்டாள். கயிறுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாஸ்டர் சுவரிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி. இன்னிக்காவது புடிக்கட்டுமா?"

"எனக்குத் தெரியும் சார். தள்ளி நில்லுங்க."

சொன்னபோதே வார்த்தை தடித்துவிட்டது. அவர் முகம் சுருங்கி, பத்தடி தள்ளிப் போய் நின்றார். அவள் கம்பியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது முடி வேறு பக்கம் பறந்தது. காற்று கொஞ்சம் திரும்பியிருந்தது. பட்டம் கிடந்த இடம் இப்போது ஓரமில்லை. அவளுக்கு அது தெரிந்தது. கழற்றிவிட்டுப் போய் மாற்றிப் போட ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் "எனக்குத் தெரியும்" என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்னே ஓர் அடி வைத்தாள்.

மணல் சரிந்ததுதான் தெரியும். பட்டம் அறைந்தாற்போல் எழுந்தது. இழுத்த இழுப்பில் அவள் குப்புற விழுந்து மணலில் தேய்ந்துகொண்டே போனாள். கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பட்டம் தடாலென்று விழுந்து குப்புறக் கிடந்து துடித்தது.

இடுப்பில் ஒரு சிவப்புப் பிடி இருக்கிறது. அதைத் தள்ளினால் பட்டம் பலமிழந்து படுத்துவிடும். அதைத் தள்ள வேண்டிய நேரம் அதுதான். தள்ளினால் கயிறெல்லாம் சிக்கலாகும், பிரிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்தாள். அந்தத் தயக்கம் இரண்டு நொடிகூட இருக்காது.

அதற்குள் மாஸ்டர் ஓடிவந்துவிட்டார். கயிறு கட்டிய எதையும் மனிதர்கள் எப்படிப் பிடிப்பார்களோ அப்படியே பிடித்தார். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். நூல் போல மெல்லிய கயிறு. பட்டம் மறுபடி காற்றைப் பிடித்தது, கயிறு அவர் விரல்களில் கத்தி போல இறங்கியது. அவர் கத்தவில்லை, "அடடா" என்றார், கையிலிருந்து எதையோ தவறவிட்டவர் போல. சின்னவள் அப்போதுதான் சிவப்புப் பிடியைத் தள்ளினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்தபடி, "பயப்படாம ஓட்டுங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று அவர்தான் அவளைத் தேற்றிக்கொண்டு வந்தார். வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பு அறுந்திருந்தது. தைத்துவிடலாம், ஆனால் பழையபடி மடங்குவது சந்தேகம் என்றார் டாக்டர்.

பேக்கரியில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, ஏப்ரனோடு ஓடிவந்தாள். கட்டிலருகே நின்று கையைப் பார்த்தாள், பிறகு சின்னவளைப் பார்த்தாள்.

"என்னாச்சு? எப்படி ஆச்சு?"

சின்னவளுக்கு நாக்கு தானாக அவிழ்ந்தது.

"கயித்தத் தொடாதீங்க, தொடாதீங்கன்னு கத்தினேன்…"

அவள் கத்தவில்லை. அந்தச் சொல் அன்று அவள் வாயில் வரவே இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. மாஸ்டர் தலையணையில் முகத்தைத் திருப்பி அவளை ஒரு கணம் பார்த்தார்.

"ஆமா, சொன்னாங்க" என்றார். "நான்தான் கேக்கல."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. மணலில் தேய்ந்த முட்டிக்கு அக்கா மருந்து போட்டுவிட்டாள். அந்தப் பரிவுகூட அவளுக்குத் திருடிய பொருள் போல உறுத்தியது.

நான்கு மாதம் கழித்துத்தான் பேக்கரிக்குப் போக மனம் வந்தது. பின்னால் அடுப்பறைக் கதவு திறந்திருந்தது. க்ரீம் பையைப் பிழிந்து ரோஜா போட்டுக்கொண்டிருந்தது வேறொருவர். மாஸ்டர் இடது கையால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் எதையும் பிடிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. கல்லாவில் அவர் மனைவி இருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் சின்னவள். "அன்னிக்கு நான் கத்தல. தொடாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. பொய் சொன்னேன். காத்து திரும்பினது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் ஏத்தினேன். அவர் மேல தப்பே இல்ல."

அந்த அம்மாள் கையிலிருந்த ரொட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நாலு மாசமா" என்றாள் அவள். "நாலு மாசமா தினம் அவரத் திட்டிட்டிருக்கேன். அந்தப் பொண்ணு அவ்வளவு கத்தியிருக்கா, உங்க காதுல என்ன ஈயத்தயா ஊத்தி வச்சிருந்தீங்கன்னு. சட்டைக்குப் பட்டன் போட்டுவிடும்போதெல்லாம் திட்டுவேன். வாயே திறக்க மாட்டார். குத்த உணர்ச்சின்னு நினைச்சேன்."

சின்னவளால் நிமிர முடியவில்லை. "மன்னிச்சிடுங்க…"

"இருங்க. இப்ப நான் உங்களப் பார்க்கற நிலையில இல்ல."

அவள் கல்லாவைப் பூட்டாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டுகள் அடுக்கும் சத்தம் நின்றுபோனது.

ரொட்டி வாங்க வந்த ஒருவர், "கடையில ஆள் இல்லையா?" என்று அவளைக் கேட்டார்.

"உள்ள இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாள் சின்னவள். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, தெருவில் இறங்கி நடந்தாள்.