காலைக்கு ஒரு தடவை

யுத்தம் தொடங்கி நாலாவது மார்கழி அது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. டாக்டர் ஹரிநாராயணனுக்குக் கிடைத்த கூப்பன், மதுரையிலிருந்து திருவாதவூருக்கு மாதம் நாலு முறை போய்வரத்தான் காணும். அங்கே வீட்டுக்கு இரண்டு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். வாரம் இரண்டு முறையாவது போயாக வேண்டும். அதனால் காரின் தேய்ந்துபோன கார்புரேட்டரைப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லி, தெற்கு வெளி வீதியில் பட்டறை வைத்திருந்த முத்திருளனிடம் கொடுத்தார். பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

புதுச் சாமான் எதுவும் கிடைக்காத காலம். முத்திருளன், உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தான். காற்றுத் தகட்டைத் தாங்கும் தண்டு தேய்ந்து ஆடியது; அதற்குப் பித்தளையில் புஷ் வளையம் கடைந்து போட்டான். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டின் துளையையும் ஈயத்தால் மூடி, பழையதைவிட மெல்லிசாக வேறு துளை போட்டான். கார் உண்மையாகவே குறைவாகக் குடித்தது. டாக்டருக்குத் திருப்தி.

ஆனால் அதிகாலைக் குளிரில் அது கிளம்பவில்லை. டிரைவர் காசிமாயன் தினமும் முன்னால் குனிந்து ஹேண்டில் சுற்றினான். இருபது சுற்று, முப்பது சுற்று. ஒரு வெள்ளிக்கிழமை அசந்துபோய், வண்டிக்குள் சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கிச் சுற்றினான். இன்ஜின் பின்பக்கமாக உதைத்தது. ஹேண்டில் திரும்பி அடித்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்தது.

ஹேண்டில் போடும்போது, ஸ்டியரிங்கில் இருக்கும் சிறு லீவரைத் தள்ளித் தீப்பொறியைப் பிந்த வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இன்ஜின் இப்படித் திருப்பி உதைக்கும். வண்டிக்குள் உட்கார்ந்தபோது அவன் கை பட்டு அது நகர்ந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுவிட்டு டாக்டர் முத்திருளனைக் கூப்பிட்டனுப்பினார்.

"கவனமில்லாத ஆளா இருக்கான். வேற டிரைவர் இருந்தாச் சொல்லு."

முத்திருளன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தான். காரின் ஜெட்டைக் கழற்றிக்கொண்டு போய்ப் பட்டறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தான் போட்ட துளை மயிரிழையாகத் தெரிந்தது. குளிர்ந்த இன்ஜினுக்கு அந்தப் பெட்ரோல் போதாது என்று அவனுக்குத் துளை போடும்போதே சந்தேகம் இருந்தது. டாக்டர் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொன்னான்.

"லீவர் நகர்ந்தது நெசந்தாங்க. ஆனா அம்புட்டு நேரம் அவனைச் சுத்த வச்சது நான் போட்ட ஓட்டை. ரெண்டு சுத்துல கெளம்பியிருந்தா அவன் ஏன் அசரப் போறான்?"

டாக்டர் காரின் படியில் உட்கார்ந்தார். காய்ச்சல்காரர்களைப் பார்த்து மூன்று நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

"நேத்தே ஏன் சொல்லல?"

"வாய் வரலைங்க."

"கம்மியாக் குடிக்கணும்னு கேட்டது நான்தானே," என்றார் டாக்டர், கண்ணை மூடிக்கொண்டு. "கிளம்பவும் செய்யணும், பெட்ரோலும் கூடக் கூடாது. அப்படிப் பண்ணு. அதுவரைக்கும் வேற டிரைவர் பேச்சு வேண்டாம்."

சொல்வது சுலபம். குளிர்ந்த இன்ஜினை ஒரு காலைக்கு ஒரு தடவைதான் சோதிக்க முடியும். ஒருமுறை கிளம்பிச் சூடேறிவிட்டால், அடுத்த சோதனை மறுநாள்தான். முத்திருளன் தினமும் விடிவதற்குள் தன் ஊரான நாகமலை புதுக்கோட்டையிலிருந்து டாக்டர் வீட்டுக்கு நடந்து வந்தான். ஜெட்டின் துளையை ஊசியால் துளி அகலப்படுத்துவான், ஹேண்டில் போடுவான், பதினெட்டுச் சுற்று என்று மனதில் வைத்துக்கொள்வான். பிறகு ஒரு மருந்துப் புட்டிப் பெட்ரோலை மட்டும் ஊற்றி, மேலூர் ரோட்டில் வண்டி எந்த மைல்கல்லில் நிற்கிறது என்று பார்ப்பான். துளை பெரிதானால் சீக்கிரம் கிளம்பியது, சீக்கிரம் நின்றது. நின்ற இடத்திலிருந்து திரும்ப, வேறொரு புட்டி கையில் இருக்கும். அப்படி ஐந்து காலை போயிற்று. முழங்கால் வீங்கியது.

ஐந்தாம் நாள் திரும்பும் வழியில் காசிமாயன் வீட்டுக்குப் போனான். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தான். மனைவி செல்லத்தாய் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முத்திருளன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

காசிமாயன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் என்னைத்தான் வைஞ்சுக்கிட்டிருந்தேன் மாப்ள, ஒரு வாரமா," என்றான்.

"இப்ப வந்து சொல்லி என்ன செய்ய?" என்றாள் செல்லத்தாய், முறத்திலிருந்து கண்ணெடுக்காமல். "அந்தக் கை எப்பக் கூடும், அதைச் சொல்லுங்க."

முத்திருளன் கிளம்பும்போது காசிமாயன்தான் கேட்டான். "சோக் இழுத்தா முழுசா மூடுதா? எனக்கு என்னமோ ஓரத்துல காத்து சீறுற மாதிரி கேக்கும்."

குளிரில் கிளப்பும்போது காற்றை மறைக்கிற தகடுதான் சோக். மறுநாள் அதைக் கழற்றிப் பார்த்தான். புஷ் போட்ட தண்டில் திரும்ப மாட்டியபோது தகடு துளி சாய்ந்துவிட்டிருந்தது. ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி. பித்தளைத் தகட்டில் வேறொன்று வெட்டி, அராவி, வெளிச்சம் தெரியாதபடி பொருத்தினான். ஜெட்டைத் திரும்ப அடைத்து, முதல் துளையைவிடக் கொஞ்சமே பெரிதாகப் போட்டான். வண்டி நின்றபடி ஓடும்போது, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகை உள்ளே திருகிக்கொண்டே போய், இன்ஜின் தடுமாறிய இடத்திலிருந்து அரைச்சுற்று வெளியே எடுத்தான். சத்தம் சீராயிற்று.

ஏழாவது காலை நாலு சுற்று. ஒன்பதாவது காலை இரண்டே சுற்றில் கிளம்பியது. புட்டிப் பெட்ரோல், டாக்டருக்குத் திருப்தியாக இருந்த மெல்லிய துளைக்கு வேலை தொடங்குமுன் குறித்து வைத்த மைல்கல்லைத் தாண்டிக் கொஞ்சதூரம் போயிற்று. முத்திருளனுக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் சற்று நேரம் படுத்துக்கொண்டான்.

தை பிறந்து கட்டுப் பிரித்தபோது காசிமாயனின் மணிக்கட்டு ஒரு பக்கம் கோணியிருந்தது. ஸ்டியரிங் பிடிக்கலாம், ஹேண்டில் சுற்ற முடியாது என்றார் டாக்டர். முதல் நாள் வேலைக்கு வந்தவன், லீவரை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, சோக்கை இழுத்துவிட்டு, இடது கையால் ஹேண்டிலைப் பிடித்துத் தூக்கினான். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பரவால்லை," என்றான், பக்கத்தில் நின்ற முத்திருளனைப் பார்க்காமல். "தெனமும் இப்படியே இருக்கட்டும்."

முத்திருளன் இன்ஜின் மூடியைப் போட்டுத் துடைத்தான். டாக்டர் மருந்துப் பெட்டியோடு ஏறிப் பின்சீட்டில் சாய்ந்தவர், கார் தெருமுனை திரும்புமுன் தூங்கிவிட்டார். காசிமாயன் சோக்கை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, திருவாதவூருக்கு நிதானமாக ஓட்டிப் போனான்.