காத்தானின் கழுதை யோசனை

காத்தானுக்கு ஒரு யோசனை வந்தால் அது ஒரு வேளைகூட அவன் வயிற்றில் தங்காது. இந்தத் தடவையாவது வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நம்பியது அவன் பெண்டாட்டி மயிலம்மாள் செய்த தப்பு.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மலையில் விளைகிற மிளகும் மரவள்ளியும் தலைச்சுமையாகத்தான் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கின. ரோடு வரும் வரும் என்று ஆபீஸ்காரர்கள் சொன்னதோடு சரி. இரண்டு கழுதை வாங்கிக் கூலிக்குச் சுமை இறக்கினால் என்ன என்று அவன் கேட்டதும் மயிலம்மாள் வெள்ளித் தண்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவள் அம்மா போட்டு அனுப்பிய ஒரே நகை. காத்தான் அதைச் செம்மேட்டுச் சந்தையில் விற்றான். விற்ற கையோடு, புளியஞ்சோலையில் கழுதை பார்த்து வைத்திருப்பதைச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தான்.

"ஏனுங்க, தமுக்கடிச்சுட்டு வந்திருக்கீங்களே. எவனாச்சும் முந்திக்கிட்டா என் தண்டை போனது போனதுதானுங்க."

"சொன்னதாலதான் புள்ள ஒண்ணு தெரிஞ்சுது. கதிர் காலத்துல கழுதையை எப்படி ஓட்டுவேன்னு வேலப்பன் மாமன் கேட்டாரு. எனக்குத் தோணவே இல்ல."

இறங்குகிற தடம் பலருடைய சாமைக் காட்டுக்குள் புகுந்து போகிறது. கதிர் பிடித்துவிட்டால் கால்நடை எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது ஊர்க்கட்டு. காட்டுக்காரர் மனசு வைத்து வேலிப் படலைத் திறந்துவிட்டால்தான் உண்டு. காத்தான் வீடு வீடாகக் கிளம்பினான். கழுதைக்கு வாய்க்கூடு மாட்டினால் சரி என்றாள் பெருமாயி. மேட்டு ஓரமாக ஓட்டிப் போ என்றார் சின்னையன். போன வீட்டிலெல்லாம் களியும் தின்றுவிட்டு வந்தான்.

அவன் தின்றுகொண்டிருந்த நேரத்தில், சந்தையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற காரவள்ளிக் கடைக்காரர் அப்பாசாமி புளியஞ்சோலைக்குப் போய் அதே கழுதைகளைச் சத்தமில்லாமல் வாங்கிவிட்டார். சேதி வந்த அன்று மயிலம்மாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. விற்ற காசு கையில் இருந்தும், வெறுங்காலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை பொங்கியது. காத்தானிடம் பேசவும் இல்லை. அவனோ பேசாமல் இருக்கத் தெரியாமல் தவித்துப்போனான்.

அப்பாசாமியின் கழுதைகள் முதல் படலிலேயே நின்றுவிட்டன. அது பெருமாயியின் காடு.

"காத்தான் வந்து கேட்டான், சரின்னேன். நீங்க எப்பங்க கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் களை பறிக்கப் போய்விட்டாள். மற்றக் காடுகளிலும் இதே பதில்தான். கழுதைகள் அடிவாரத்தில் கட்டிப்போட்ட இடத்தில் தின்று கொழுத்தன.

கடைசியில் அப்பாசாமி மூச்சு வாங்க மலையேறிக் காத்தான் வீட்டு வாசலுக்கே வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"காத்தா, உள்ள வா, நமக்குள்ள பேசிக்குவோம். கழுதை என்னுது, தடம் உன்னுது. கூலியில பாதி உனக்கு. வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

காத்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

"உள்ள எதுக்குங்கண்ணா?" என்றபடி மயிலம்மாள் அவரைத் தாண்டி வெளியே வந்தாள். கீழ்க்காட்டைப் பார்த்துக் கைகளை வாயருகே குவித்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"பெருமாயக்கா, சின்னையண்ணனையும் வேலப்ப மாமனையும் கூட்டிக்கிட்டு வாங்க. கடைக்காரரு பாதிக் கூலி தாரேங்கறாரு. அது பத்துமான்னு எல்லாருமா கேட்டுச் சொல்லுங்க."