கொட்டாயில் இறங்கிய அண்டரண்டப் பட்சி

குருவிநத்தத்து நடவுக்காரிகளுக்கு ருக்குமணி இல்லாவிட்டால் பொழுது நகராது. பெரிய எழுத்துக் கதைப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து வைத்துக்கொண்டு, மறுநாள் சேற்றில் நின்றபடியே சொல்லுவாள். யானையைக் கவ்விப் பறக்கும் அண்டரண்டப் பட்சி வந்துவிட்டால் இடுப்புவலிகூட யாருக்கும் தெரியாது.

அந்தக் கதையே படமாகிப் பாகூர் டூரிங் கொட்டாய்க்கு வந்துவிட்டது.

"இனிமே உன் கதைய ஆரு கேப்பா அண்ணி? கண்ணாலயே பாத்துடப் போறோம்," என்றாள் நாத்தனார் அமிர்தம்.

கழனியில் ருக்குமணிக்கென்று இருந்தது கதை சொல்வது ஒன்றுதான். ஆனாலும் எல்லாரோடும் போனாள். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தாள்.

திரையில் கடல். கடல்மேல் ஒரு நிழல் ஊர்ந்து வந்து கப்பலை மூடியது. அவ்வளவுதான், கொட்டாயில் இருந்த அத்தனை சனமும் அண்ணாந்து கூரைத்துணியைப் பார்த்தது. ருக்குமணியும்தான். போச்சு, இனி என்னைத் தேடமாட்டாளுங்க என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பட்சி இறங்கியது. துணியில் இறகு தைத்து, முதுகில் கட்டிய கயிறு பளபளக்க, ஆடி ஆடி வந்தது. அது கவ்விய யானையோ மண்பொம்மை.

"எங்க வூட்டு அடைக்கோழி எழுந்து வந்தா மாதிரி கீது," என்றாள் கூட நடவு நடும் தையலம்மாள்.

கொட்டாயே குலுங்கியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ருக்குமணிதான்.

மறுநாள் நாற்றுமுடியை அவிழ்த்தும் யாரும் கதை கேட்கவில்லை. கேட்காமல் சொல்ல ருக்குமணிக்கு மனம் வரவில்லை. ஒரு பாத்தி போயிற்று. அமிர்தம்தான் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு யானைய தூக்குனதோட கதைய நிறுத்திட்டியே அண்ணி. கீழ போட்டுச்சா இல்லியா?"

"அதான் கண்ணால பாத்தியேடி."

"அது கோழி. நான் பட்சிய கேக்கறேன்."

ருக்குமணி சேலையை இன்னும் ஏற்றிச் செருகினாள்.

"மொதல்ல நெழலு வந்துச்சு. பட்சி இல்ல, வெறும் நெழலு. பட்டப்பகல்ல ஊரு பூரா வெளக்கு ஏத்திட்டாங்க."

"நெழலு கொட்டாயில திருடுனது," என்றாள் தையலம்மாள்.

"வெளக்கு?" என்று கேட்டாள் ருக்குமணி.

"அது இல்ல."

"அப்ப வாய மூடிட்டு நடு."

கதையில் பட்சியின் ஒரு நகம் மலையில் படுவதற்குள் வரப்பு வந்துவிட்டது. கரையேறி மூச்சு வாங்கக்கூட நிற்காமல், அமிர்தம் அடுத்த கழனிக்குள் இறங்கிக் கையை நீட்டினாள்.

"நாத்த வீசுங்கடி. அண்ணி, நீ சொல்லு."