பொன்முலாம்

வாசற்படலையில் சாப்பறை தொடங்கிவிட்டது. பூரணம் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, தாலிக்கொடியின் பிடரிப் பக்கத்தில் மஞ்சளை அழுத்தித் தேய்த்தாள். அங்கேதான் முலாம் தேய்ந்து வெள்ளி தெரிந்தது. அவசரத்தில் சேலையெல்லாம் மஞ்சள்.

புருஷன் தம்பிராசாவின் உடலைக் காலையில்தான் மானிப்பாய் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர். அதிகம் கதைக்கமாட்டார். மகள் பராசக்தி, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஏர்னெஸ்டைக் கட்டிக்கொண்டு போனபோது, அவளுடைய பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். பிள்ளை வெறுங்கழுத்தோடு நிற்கிறாள் என்று கேள்விப்பட்ட பூரணம், தன் பொற்கொடியைக் கழற்றி இரகசியமாக அவளுக்கு அனுப்பினாள். அதேபோல் ஒன்றை வெள்ளியில் செய்வித்து, பொன்முலாம் பூசுவித்துப் போட்டுக்கொண்டாள்.

அன்றுமுதல் பயம்தான். கிணற்றடியில் பயம். கலியாண வீட்டில் யாராவது நெருங்கி இருந்தால் பயம். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோதும் அவள் கை முதலில் தன் கழுத்துக்குத்தான் போயிற்று. அதை நினைக்க இப்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெண்கள் வந்து அவளை வெளியே கூட்டிப்போனார்கள். கழற்றுகிற கொடி கைமாறிப் போகும். ஒருத்தி நிறுத்துப் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஏந்தினால் போதும். புருஷனை ஏமாற்றியவள் என்று ஊர் சொல்லும். பொன் எங்கே என்று கேட்பார்கள். பராசக்தியின் பெயர் பிணத்துக்கு முன்னால் இழுபடும்.

கை நீட்டிய கிழவியை விலக்கிக்கொண்டு சிவக்கொழுந்து வந்தாள். தம்பிராசாவின் தங்கை, விதவை. அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. பூரணம் எல்லோரையும்விடப் பயந்தது அவளுக்குத்தான்.

"தலையைக் குனியுங்கோ மச்சாள்."

குனிந்தாள். விரல்கள் பிடரியில் பட்டு, அந்த இடத்திலேயே நின்றன. பறைச் சத்தத்துக்குள் சிவக்கொழுந்தின் வாய் காதருகே வந்தது.

"அண்ணை ஆஸ்பத்திரியிலை வைச்சுச் சொன்னவர். கொடியை நீதான் கழட்டவேணும், வேறை ஆரையும் தொடவிடாதை எண்டு."

பூரணம் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஏனெண்டு சொன்னவரோ?"

"நான் கேக்கேல்லை."

கொடி கழன்றது. சிவக்கொழுந்து அதை ஒருவர் கையிலும் கொடாமல் தன் மடிக்குள் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

தூக்குகிறவர்கள் வந்தார்கள். பூரணம் அவருடைய காலடியில் போய் இருந்தாள். போர்த்த வேட்டி ஒரு பாதத்திலிருந்து விலகிக் கிடந்தது. குதிகால் வெடிப்புகளில் தோட்டத்துச் செம்மண். குளிப்பாட்டியும் அது போகவில்லை. சேலைத் தலைப்பைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.

நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள்.

அவள் மற்றக் காலையும் எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.